பக்கத்து நாற்காலி

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில், சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது பொம்மிடி. ரயிலில் சென்னைக்குச் சுமார் 300 கி.மீ. 1980-களில் இந்த ஊர்ப் பையன் ஒருவன், “ரெக்கார்டிங் இன்ஜினியர் ஆகப் போறேன்” என்று வீட்டில் சொல்லியிருந்தால், திட்டுவதற்குக்கூட யாருக்கும் விஷயம் புரிந்திருக்காது. பாடியவர் பெயர் தெரியும், இசையமைத்தவர் பெயர் தெரியும். படத்தின் டைட்டிலில் ‘ஒலிப்பதிவு’ என்று ஓடும் பெயரை யார் கவனித்தார்கள்? ஊரில் சத்தத்தை வைத்துப் பிழைத்தவர் என்றால் மைக் செட்காரர்தான்.

அன்று சென்னையில் பாட்டுப் பதிவு நடந்த பெரிய கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடபழனியில் ஏவி.எம்., சாலிகிராமத்தில் பிரசாத், தன் குருநாதர் பெயரில் எஸ்.பி.பி. தொடங்கிய கோதண்டபாணி ஸ்டுடியோ என்று சில. ஒவ்வொன்றிலும் மிக்ஸர் முன்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் உதவியாளருக்கு இன்னொன்று. அந்த இரண்டாவது நாற்காலிக்குத்தான் போட்டி. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று எல்லோரும் சொன்ன அரசு நிறுவனத்தில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வரலாம். இல்லையென்றால், தெரிந்தவர் யாராவது கைகாட்டி உள்ளே விட, கேபிள் சுற்றுவதிலும் டீ வாங்கி வருவதிலும் தொடங்க வேண்டும். பொம்மிடிக்காரருக்குக் கோடம்பாக்கத்தில் தெரிந்தவர் கிடைப்பது அத்தனை எளிதா என்ன?

உள்ளே போனவர் முதலில் கற்றுக்கொண்டது பயம். அதற்கும் முந்தைய காலத்தில், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒரு வயலின் பிசகினாலும் முதலிலிருந்து பாட்டு. இரண்டு அங்குல டேப்பில் 24 டிராக் வந்த பிறகு, தப்பிய சொல்லை மட்டும் திருத்தும் ‘பஞ்ச்’ வசதி வந்தது. அதிலும் ஆபத்து இருந்தது. டேப் ஓடிக்கொண்டிருக்கும். தப்பிய சொல்லுக்கு முன்னால் பாடகர் மூச்சு எடுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ரெக்கார்ட் பட்டனை அமுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால், நன்றாகப் பாடிய முந்தைய சொல்லின் வால் அழிந்துவிடும். பிந்தினால் புதுச் சொல்லின் தலை போய்விடும். அழிந்தது அழிந்ததுதான். ஆகவே உதவியாளர் விரலை நீட்டுவதற்கு முன் காதை நீட்டப் பழகினார். எந்தப் பாடகி எங்கே மூச்சு வாங்குவார், எந்த எழுத்தில் மைக் ‘புஸ்’ என்று ஊதும் என்பதெல்லாம் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டே படிந்த பாடம்.

மாற்றம் ஒரு வீட்டுக் கொல்லையில் தொடங்கியது. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் ‘பஞ்சதன்’ ஸ்டுடியோவைக் கட்டினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது, பெரிய கூடம் இல்லாமலும் பெரிய சத்தம் பிறக்கும் என்பது ஊருக்கே தெரிந்தது. அவருடைய பாடல்களின் ஒலிக்குப் பின்னால் இருந்தவர் எச்.ஸ்ரீதர். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பரில் அவர் காலமானார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைக்கான கிராமி 2010-ல் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தது. இடையில் 2009-ல் அதே படத்தின் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் மேடை ஏறினார். ‘சவுண்ட் இன்ஜினியர்’ என்று ஒரு வேலை இருப்பது வீடுகளுக்குள் தெரிந்தது அப்போதுதான்.

இன்று பொம்மிடியிலேயே ஒரு அறை போதும். லேப்டாப், அதில் மைக்கைச் சேர்க்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஹெட்போன். தனியாள் உரிமத்துக்கு 60 டாலர் கேட்கும் ‘ரீப்பர்’ மென்பொருளில், அன்றைய 24 டிராக் இயந்திரம் கனவிலும் காணாத எண்ணிக்கையில் டிராக் போடலாம். தப்பினால் இரண்டு விசையைத் தட்டி அழித்ததை மீட்கலாம். அம்மன் பாட்டு, யூடியூபுக்கு நாட்டுப்புறப் பாட்டு, குறும்படத்துக்கு டப்பிங் என்று வேலையும் வருகிறது.

தொல்லை வேறு திசையிலிருந்து வருகிறது. கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் ரயில்கள் ஓடும் பாதை இது, கூட்ஸ் வண்டி வேறு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் சக்கரத்தின் அதிர்வு குறையும், ஹாரன் போகாது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அது அறைக்குள் வரும் எதிரொலியைக் கொஞ்சம் மழுக்குமே தவிர, வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். இதைப் பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இருந்தால் அட்டைக் காசாவது மிஞ்சும்.

அந்த ஆள்தான் இப்போது குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசாத்தில் பதிவு செய்த இளையராஜா, 2021-ல் கோடம்பாக்கத்தில் சொந்த ஸ்டுடியோவுக்கு மாறிவிட்டார். பலரும் வீட்டிலேயே மிக்ஸ் செய்கிறார்கள். தனி அறையில் தனி ஆள், உதவியாளர் வேண்டியதில்லை. படிக்க வழி உண்டு. அந்த அடையாறு கல்லூரியில், அதாவது இன்றைய தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில், ஒலிப்பதிவு நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பாகிவிட்டது. 2008-ல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. தனியார் படிப்புக்கு லட்சங்கள் கேட்கிறார்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகும், ‘யாரிடம் வேலை செய்தாய்?’ என்ற பழைய கேள்விதான் முதலில் வருகிறது. அன்று கருவி எட்டாக்கனி, குரு பக்கத்தில். இன்று கருவி கையில், குரு எட்டாக்கனி.

ஆனால் பொம்மிடியில் அந்த இரண்டாவது நாற்காலி இன்னும் மறைந்துவிடவில்லை. அது மைக் செட்காரருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூம்புக் குழாய் போய்விட்டது, பெட்டி ஸ்பீக்கர் வந்துவிட்டது, சிலரிடம் டிஜிட்டல் மிக்ஸரும் இருக்கிறது. மாறாதது ஒன்றுதான்: திருவிழாவில் இரண்டாம் டேக் கிடையாது. தவிலுக்கு மைக் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடு மாட்டிய விரல்கள் விழும் வலந்தலை ‘கணீர்’ என்று குத்தும். குச்சி விழும் தொப்பி ‘தொம்’ என்று அடியில் உருளும். ஒரே மைக்கை வலந்தலைக்கு நெருக்கினால் நாதஸ்வரமே அமுங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கிடைப்பது, தவில்காரர் வாரை இழுத்துக் கட்டும் நேரம் மட்டும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில், மேடை முழுக்க ஓடி ஆடிப் பாடுபவரின் குரலை, மைக் ஊளையிடாமல் விடிய விடியக் காப்பாற்ற வேண்டும். டேப் காலத்து உதவியாளர் கற்ற அதே பயமும் அதே கவனமும்தான் இது.

ஆகவே பிளஸ் டூ முடித்துவிட்டு ஒலிப்பதிவு படிக்க நினைக்கும் பிள்ளை, வங்கியில் கடன் கேட்பதற்கு முன் ஒரு திருவிழாக் காலம் முழுக்க மைக் செட்காரரோடு போகட்டும். கேபிளை முறுக்கு விழாமல் சுற்றட்டும், ஊளை எந்த ஸ்தாயியில் வருகிறது என்று காதால் சொல்லப் பழகட்டும். கூத்து நடக்கும்போதே அதைத் தனியாகப் பதிவு செய்து, வீட்டு லேப்டாப்பில் போட்டு மிக்ஸ் பண்ணிப் பார்க்கட்டும். தரமணியிலோ கோடம்பாக்கத்திலோ யாரிடம் வேலை செய்தாய் என்று கேட்டால், கூச்சப்படாமல் அந்த மைக் செட்காரர் பெயரைச் சொல்லி, அந்தப் பதிவையும் போட்டுக் காட்டலாம்.