'டேட்டாபேஸ் லாக்டு' என்று பில்லிங் நின்றுவிட்டதா? பக்கத்தில் இருக்கும் அந்த ஃபைலை மட்டும் அழிச்சிடாதீங்க!

வார இறுதி இரவு. மாமல்லபுரத்தில் ஒரு கடல் உணவு ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவுக்கு முன்னால் நாலு குடும்பம் பில்லுக்காக நிற்கிறது. பட்டனை அழுத்தினால் ரசீது வரவில்லை. 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று திரையில் ஒரு வரி வருகிறது. மறுபடி அழுத்தினாலும் அதே வரிதான்.

'பூட்டு' என்றதும் பலருக்கும் முதலில் வரும் பயம், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்பது. பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் கதைகளை நிறைய கேட்டிருப்பதால் அந்தப் பயம் இயல்புதான். ஆனால் இந்த எரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தகவல் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்கிறோம் என்று பதற்றத்தில் செய்யும் ஒரு காரியம்தான் அன்றைய விற்பனைக் கணக்கையே காணாமல் ஆக்கிவிடும்.

அந்தக் காரியம் என்ன, பூட்டு ஏன் விழுகிறது? பார்க்கலாம்.

உங்கள் போனிலும் இருக்கிறது

சின்னக் கடைகளின் பில்லிங் சாஃப்ட்வேர் பலவற்றுக்குள் இருப்பது எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸ். இதற்குத் தனி சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம். மொத்தக் கணக்கும் ஒரே ஒரு ஃபைலில் அடங்கிவிடும். ஆண்ட்ராய்டு போன், ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்குள்ளும் இதுதான் ஓடுகிறது. இந்தச் செய்தியைப் படிக்கிற போனில் மட்டும் இப்போது பல எஸ்க்யூலைட் ஃபைல்கள் இருக்கும்.

இதை எழுதியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல்களுக்கான ஒரு சாஃப்ட்வேரில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குப் பின்னால் இருந்த பெரிய டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனால் சாஃப்ட்வேரும் சேர்ந்து நின்றது. சர்வரே இல்லாமல் நேரடியாக ஃபைலில் எழுதினால் என்ன என்ற யோசனையில் பிறந்தது எஸ்க்யூலைட். 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வந்தது. காப்புரிமை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

சர்வர் இல்லாததுதான் இதன் பலம். பூட்டுப் பிரச்சனை வருவதும் அங்கிருந்துதான். பெரிய டேட்டாபேஸ்களில் யார் முதலில், யார் அடுத்து என்று வரிசைப்படுத்த ஒரு சர்வர் நடுவில் உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படி ஒருவர் இல்லை. ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு கல், ஒரு உளி

மாமல்லபுரத்தின் சிற்பக் கூடங்களை மனதில் கொண்டு வாருங்கள். ஒரு கல்லைச் சுற்றி பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்க்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் உளி பிடிக்கும் கை ஒன்றுதான். அடுத்து செதுக்கப் போகிறவர், "அடுத்தது நான்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதுவரை பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுத்தியல் ஓங்கும் நேரம் வந்ததும் புதிதாக யாரையும் கிட்டே விடமாட்டார்கள். ஏற்கெனவே நிற்பவர்கள் விலகிய பிறகுதான் அடி விழும்.

எஸ்க்யூலைட் பழைய முறையில் இயங்கும்போது அப்படியேதான் நடக்கிறது. படிப்பவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம், எழுதுபவர் ஒருவர்தான். எழுதி முடிக்கும் அந்தக் கணத்தில் படிப்பவர்களும் இருக்கக்கூடாது. வழக்கமாக அந்தக் கணம் சில மில்லி விநாடிகளில் போய்விடும், யாருக்கும் தெரியாது. யாராவது உளியைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால்தான் அடுத்தவருக்கு 'லாக்டு' என்று பதில் வரும்.

உளியோடு டீ குடிக்கப் போனது யார்?

பெரும்பாலும் நாமேதான். கணக்கைப் பார்க்க 'டிபி பிரவுசர்' போன்ற டூலில் அதே ஃபைலைத் திறந்து, ஒரு விலையைத் திருத்திவிட்டு, சேவ் செய்யாமல் அப்படியே மினிமைஸ் செய்துவிடுவது. சேவ் செய்யாத அந்தத் திருத்தம் பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காட்டாங்குளத்தூர் பக்கம் புராஜெக்ட் செய்யும் மாணவர்களைக் கேட்டாலும், முதல் சந்தேகம் இந்த ஜன்னல் மேல்தான் போக வேண்டும்.

இன்னொன்று, பில்லிங் சாஃப்ட்வேர் இரண்டு முறை திறந்து கிடப்பது. ஒன்று தொங்கிப்போயிருக்கும், அதை மறந்துவிட்டு மறுபடி ஐகானைத் தட்டியிருப்பார்கள். அடுத்தது ஆன்டிவைரஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரியானவை. கணக்கு ஃபைல் இருக்கும் ஃபோல்டரையே கிளவுடில் சிங்க் செய்ய விட்டிருந்தால், நீங்கள் எழுதும் நேரத்தில் அதுவும் ஃபைலைப் பிடித்துக்கொள்ளலாம்.

சாஃப்ட்வேர் எழுதியவரின் தவறும் உண்டு. பில்லைப் பதிய ஆரம்பித்துவிட்டு, யுபிஐ பணம் வந்துவிட்டதா என்று இன்டர்நெட்டில் கேட்டு, பதில் வந்த பிறகு பதிவை முடிப்பது. சிக்னல் இழுக்கும் நேரத்தில் அந்தப் பதிலுக்கு இருபது விநாடி ஆனால், இருபது விநாடியும் பூட்டு விழுந்தே இருக்கும். மற்ற கவுன்ட்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் 'ஹிஸ்டரி' ஃபைலை வேறொரு டூலில் திறந்து பாருங்கள். அதே 'லாக்டு' வரி வரும். குரோம் அந்த ஃபைலைத் தனக்கு மட்டும் என்று பிடித்து வைத்திருக்கிறது. குரோமை மூடினால் பூட்டும் போய்விடும்.

அழிக்கக் கூடாத ஃபைல்

இங்கேதான் ஆபத்து. எரர் வந்ததும் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார்கள். கணக்கு ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில், கடைசியில் 'ஜர்னல்' அல்லது 'வால்' என்று ஒட்டிக்கொண்டு ஒரு ஃபைல் இருக்கும். 'இதுதான் பூட்டு போல, தூக்கிடலாம்' என்று டெலீட் செய்துவிடுவார்கள்.

அது பூட்டு கிடையாது. பூட்டை வைத்திருப்பது கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம். பிடித்திருந்த புரோகிராம் மூடியதும், அல்லது செத்ததும், பூட்டு தானாகவே விலகிவிடும். பூட்டு என்று சொல்லி அழிப்பதற்கு ஃபைல் எதுவுமே கிடையாது.

அப்போ 'ஜர்னல்' எதற்கு? ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு முன், பழைய பக்கத்தை எஸ்க்யூலைட் அதில் நகல் எடுத்து வைக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படி ஓர் இரவில், பாதி எழுதும்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஃபைலில் பாதி புதுசு, பாதி பழசு. கரண்ட் வந்து சாஃப்ட்வேரைத் திறந்ததும், ஜர்னலில் இருக்கும் பழைய பக்கங்களை எடுத்து ஃபைலைப் பழைய நிலைக்கே எஸ்க்யூலைட் கொண்டுவந்துவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். அதற்கு முன்பே ஜர்னலை அழித்துவிட்டால்? பாதியில் நின்ற ஃபைல் பாதியிலேயே நிற்கும். அடுத்து வரும் எரர் 'மால்ஃபார்ம்டு', அதாவது ஃபைலே சிதைந்துவிட்டது என்பது. 'லாக்டு' எரர் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

'வால்' இன்னும் மோசம். 2010-ல் வந்த புது முறையில், புதிய பதிவுகள் முதலில் இந்த ஃபைலுக்குத்தான் போகும். கடையில் ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே வந்து, அப்புறம் பெரிய பேரேட்டில் ஏற்றுவார்களே, அதுபோல. ரஃப் நோட்டைக் கிழித்துப் போட்டால், பேரேட்டில் ஏறாத பில் எல்லாம் போச்சு. எரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் குறைவது தெரியும். பென் டிரைவில் பேக்கப் எடுக்கும்போதும் இதே கதைதான். மெயின் ஃபைலை மட்டும் காப்பி செய்தால், ரஃப் நோட்டில் இருப்பது வராது. சாஃப்ட்வேரை முழுசாக மூடிவிட்டு காப்பி செய்யுங்கள், இல்லையென்றால் அதன் சொந்த பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இப்போ என்ன செய்யணும்?

முதலில் பத்து விநாடி சும்மா இருங்கள். பெரும்பாலான பூட்டு அதற்குள் தானாகவே விலகிவிடும். விலகவில்லையா? ஃபைலைத் திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களை சேவ் செய்து மூடுங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பில்லிங் சாஃப்ட்வேர் இரண்டு இடத்தில் தெரிந்தால், தொங்கி நிற்பதை முடித்துவிடுங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றால், 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறந்து சிபியு பகுதியில் ஃபைலின் பெயரைத் தேடினால் அதைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வரும். லினக்ஸில் 'எல்சாஃப்' கட்டளை அதே வேலையைச் செய்யும். எதுவும் பலிக்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யலாம், அதில் தப்பில்லை. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரு பில் போட்டு, முறையாக மூடுங்கள். அந்தக் கூடுதல் ஃபைலை எஸ்க்யூலைட்டே சுத்தம் செய்துகொள்ளும்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு

அடிக்கடி இந்த எரர் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது 'பிஸி டைம்அவுட்'. பூட்டு விழுந்திருந்தால் எத்தனை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு இது. எஸ்க்யூலைட்டில் இயல்பாக இது பூஜ்யம், அதாவது காத்திருக்கவே காத்திருக்காது, உடனே எரர்தான். பைத்தானில் 5 விநாடி இருக்கிறது. 5,000 என்று வைத்தாலே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

அடுத்தது வால் முறைக்கு மாறுவது. ஒரு தடவை சொன்னால் போதும், ஃபைல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். படிப்பவர் எழுதுபவரைத் தடுக்கமாட்டார், எழுதுபவர் படிப்பவரைத் தடுக்கமாட்டார். ஒரே நேரத்தில் எழுதுபவர் ஒருவர்தான் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கும்.

டைம்அவுட் வைத்தும் சட்டென்று எரர் வருகிறதா? ஒரு டிரான்ஸாக்ஷன் படிப்பதில் ஆரம்பித்து, நடுவில் எழுதுவதற்கு மாறுகிறதா என்று பாருங்கள். அது படித்த பிறகு வேறொருவர் எழுதிவிட்டிருந்தால், காத்திருந்தும் பயனில்லை என்று எஸ்க்யூலைட் உடனே கைவிரித்துவிடும். எழுதப் போகிறோம் என்று தெரிந்தால் 'பிகின் இமீடியட்' என்று ஆரம்பத்திலேயே உளியைக் கேட்டுவிடுவதுதான் வழி. பலர் டைம்அவுட்டை ஒரு நிமிஷம் வரைக்கும் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

யுபிஐ, எஸ்எம்எஸ், பிரின்ட்டர் எல்லாவற்றையும் டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஆப் என்றால் டேட்டாபேஸ் ஹெல்ப்பர் ஆப் முழுவதற்கும் ஒன்றே இருக்கட்டும். திரைக்கு ஒன்று என்று உருவாக்கினால் ஆப் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொள்ளும்.

இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஃபைல்

இது வேண்டவே வேண்டாம். மாடியில் ஒரு கவுன்ட்டர், கீழே ஒரு கவுன்ட்டர், இரண்டுக்கும் பொதுவாக நெட்வொர்க் ஃபோல்டரில் ஒரே ஃபைல் என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். நெட்வொர்க் வழியாகப் போகும் பூட்டுகள் பல நேரம் சரியாக வேலை செய்யாது. இருவர் கையிலும் ஒரே நேரத்தில் உளி வந்துவிட்டால் கல் உடையும். வால் முறையோ, எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்தான் இயங்கும்.

வரைபட வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். வேடந்தாங்கல் பக்கம் ஏரி எல்லைகளையோ, கடற்கரையில் ஆமை முட்டையிட்ட இடங்களையோ கியூஜிஐஎஸ்-ல் குறித்து வைக்கிறார்கள் என்றால், அந்த ஜியோபேக்கேஜ் ஃபைலும் உள்ளுக்குள் எஸ்க்யூலைட்தான். பொது டிரைவில் வைத்து நாலு பேர் திறந்தால் அங்கேயும் அதே வரிதான் வரும். ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரில் தனி நகலில் குறித்து, பிறகு ஒருவர் ஒன்றுசேர்ப்பது பாதுகாப்பு. ஒரே நேரத்தில் பல கம்ப்யூட்டர்களில் இருந்து எழுதியே ஆக வேண்டும் என்றால் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற சர்வர் டேட்டாபேஸுக்கு மாற வேண்டியிருக்கும். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. பராமரிக்க மட்டும் விஷயம் தெரிந்த ஒருவர் தேவைப்படுவார்.