குழந்தைக்குப் பேதியா? கலர் தண்ணீரை வாங்காதீங்க!

பூந்தமல்லியில் இருந்து ஆவடிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு சென்னீர்குப்பம் தெரியாமல் இருக்காது. பெயரிலேயே நீர் இருக்கிற ஊர். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால், பிள்ளை குட்டி வைத்திருப்பவர்கள் பயப்படுவதும் நீருக்குத்தான்.

மேற்குப் புறநகர் முழுக்க இதே கதை. ஒரு பக்கம் செப்டிக் டேங்க், பத்தடி தள்ளி கிணறோ சம்போ. ஐப்பசி, கார்த்திகையில் அடித்துக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்து. வெளியே பார்த்தால் தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியுமா?

டிசம்பரில் இன்னொரு கூத்து. மார்கழி பஜனைக்குப் போகிற வாண்டுகள் ஒரு பக்கம். கிறிஸ்துமஸ் 'கேரல்' பாடி வீடு வீடாகப் போகிற பாடகர் குழுப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். தொண்டை காய்ந்தால் பாட்டு வராது. கொடுத்த இடத்தில் கொடுத்த தண்ணீரைக் குடிப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வரிசையில் ஒன்றிரண்டு குரல் குறையும்!

பெரிய பிள்ளை என்றால் வாய் திறந்து கேட்டு வாங்கிக் குடிக்கும். கைக்குழந்தை என்ன செய்யும்? உடம்பில் உள்ள நீரும் உப்பும் போகப் போகத் துவண்டு விடும். உலகம் முழுவதும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல் வயிற்றுப்போக்கில் சாகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதற்கு மருந்து ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசல். அதாவது ஓ.ஆர்.எஸ். ஆனால் அந்தப் பேரை வைத்தே பெரிய வியாபாரம் நடந்தது.

பேர் ஒன்று, சரக்கு வேறு

ராத்திரி 10 மணி. குழந்தைக்கு நாலாவது தடவையாகப் போகிறது. அப்பா சைக்கிளையோ ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார். "ஓ.ஆர்.எஸ். குடுங்க" என்கிறார். அட்டை டப்பாவில் ஆரஞ்சு, ஆப்பிள் படம் போட்ட பானம் கைக்கு வருகிறது. மேலே ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தும் இருக்கிறது. சந்தேகமே வராது.

உள்ளே இருந்ததோ சர்க்கரை அதிகமான ஜூஸ். உப்பு போதாது. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் குடல் நீரை உறிஞ்சாது. உடம்பில் இருக்கிற நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். நிற்க வேண்டிய பேதி இன்னும் கூடும். மருந்து என்று நினைத்து வாங்கிக் கொடுத்தது வினையாகிவிடும்.

இதை எதிர்த்து ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் 8 வருஷம் போராடினார். ஐகோர்ட்டு வரை போனார். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் முதலில் தடை போட்டது. சில மாதத்திலேயே, "இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல" என்று அச்சடித்துவிட்டு விற்கலாம் என்று இறங்கி வந்தது. நடுராத்திரியில் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை எவன் படிப்பான்?

கடைசியில் 2025 அக்டோபரில் அந்தச் சலுகை ரத்தானது. சரியான அளவில் இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை எந்த வடிவத்திலும் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்கும் போனது.

தீர்ந்து போன குளுக்கோஸ்

உண்மையான கரைசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1971, வங்கதேசப் போர். எல்லையில் பொங்காவ் என்ற ஊரில் அகதிகள் குவிந்திருந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து, டிரம்மில் தண்ணீரில் கரைத்து, கூட இருந்த உறவுக்காரர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். 100-க்கு 30 ஆக இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். 2023-ல் பத்மவிபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்!

விஷயம் எளிது. எவ்வளவு பேதியானாலும் குடல் ஒரு வேலையை மட்டும் நிறுத்துவதில்லை. குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அந்த ஜோடி அளவு மாறக்கூடாது. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம்.

எப்படிக் கொடுப்பது?

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்கள் உண்டு. தப்பு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக.

பொட்டலம் கையில் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்தது. உப்பு போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் கைகொடுக்கும்.

கூடவே 'ஜிங்க்' மாத்திரை. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். பேதி நின்றுவிட்டது என்று நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த தடவை வருவது குறையும்.

"பல் முளைக்குது, அதான் போவுது" என்பார் பாட்டி. "உரம் விழுந்திருக்கு" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. சோற்றை நிறுத்து, பாலை நிறுத்து என்றும் சொல்வார்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற பிள்ளைக்குச் சாப்பாடும் நிறுத்தக்கூடாது.

மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குடிக்கவே முடியாமல் மயங்கிக் கிடத்தல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று சமமாகாமல் மெதுவாக இறங்குதல்... இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து அனுப்பினால் எழும்பூர் ஆல்ஸ் ரோடு குழந்தைகள் ஆஸ்பத்திரி. வண்டி கிடைக்காவிட்டால் 108.

மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறவர்கள் டப்பாவைத் தள்ளிவிட்டு, "டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா" என்று போட்ட பொடிப் பொட்டலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.