டாச்சியா லோகன்

டாச்சியா லோகன் என்பது உருமேனியாவின் மியோவேனி நகரத் தொழிற்சாலையில் 2004இல் தயாரிப்புக்கு வந்த குறைந்த விலைக் குடும்ப மகிழுந்து ஆகும். இது நான்கு கதவுகளும் தனி டிக்கியும் கொண்ட செடான் வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் முதலில் மகிந்திரா ரெனோ லோகன் என்றும், பின்னர் மகிந்திரா வெரிட்டோ என்றும் விற்கப்பட்டது.

பிரான்சின் ரெனோ நிறுவனத் தலைவராக இருந்த லூயி சுவைட்சர் 1997இல் உருசியா சென்றார். பழமையான லாடா கார்கள் அங்கு நன்றாக விற்றன. விலை கூடிய ரெனோ கார்களை வாங்கப் பெரும்பாலோரிடம் பணம் இல்லை. 5,000 யூரோவில் புதிய கார் ஒன்றைத் தர முடியுமா என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1999இல் டாச்சியாவை ரெனோ வாங்கியபின் அதற்கான வேலை தொடங்கியது.

விலையைக் குறைக்க மட்டமான பொருள்களைப் போடவில்லை. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பக்கக் கண்ணாடிகளை எடுத்துக்கொள்வோம். பொதுவாக இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு வேறொன்று. லோகனில் இரண்டும் ஒன்றே. ஒரே அச்சில் வார்க்கலாம், உதிரிபாகக் கடையிலும் ஒரே வகையை வைத்தால் போதும். முன்கண்ணாடியின் வளைவைக் குறைத்ததால் அதைச் செய்வது எளிதாயிற்று. டாஷ்போர்டு ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. பின் இருக்கை மடங்காது. ஆனால் 510 லிட்டர் டிக்கி இருந்ததால் குடும்பங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றாட நம்பகத்தன்மையும் இதே வழியில்தான் வந்தது. இல்லாத பாகம் பழுதாவதில்லை. 1.4, 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் ரெனோவின் பிற கார்களில் ஏற்கெனவே ஓடிப் பழகியவை; சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள் கொண்டவை. சிறிய ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பார்க்கக்கூடிய அமைப்பு. சேமிப்பு முழுவதையும் ஒரே காரில் போட்ட குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். அதற்காகக் கவனிக்காமல் விட்டுவிட முடியாது. டைமிங் பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அது அறுந்து வால்வுகள் வளையும். மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஒரே நாளில் போய்விடும்.

நம்பகத்தன்மையும் பாதுகாப்பும் ஒன்றல்ல. 2005இல் ஐரோப்பிய மோதல் சோதனையில் (யூரோ என்கேப்) பெரியவர்களின் பாதுகாப்புக்கு லோகன் ஐந்தில் மூன்று நட்சத்திரமே பெற்றது. இந்தியாவில் விலை குறைந்த வகைகள் காற்றுப்பை இல்லாமலே விற்றன. கண்ணாடியில் மிச்சம் பிடித்ததைப் பாராட்டலாம், இதைப் பாராட்ட முடியாது.

வளரும் நாடுகளுக்கென்று உருவான இந்தக் கார் 2005இல் மேற்கு ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்து, அங்கும் வாங்குவோரைப் பெற்றது. இந்தியாவில் 2007இல் நாசிக் ஆலையில் தயாரிப்பு தொடங்கியது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் இதை விரும்பினர். இடம் தாராளம், டீசல் எஞ்சின் எரிபொருள் சிக்கனமானது. ஆனால் 4 மீட்டருக்குக் குறைவான சிறிய கார்களுக்கே இந்தியாவில் வரிச்சலுகை உண்டு. லோகனின் நீளமோ சுமார் 4.25 மீட்டர். 2010இல் ரெனோ கூட்டு முயற்சியிலிருந்து விலகியது. அதன்பின் வெரிட்டோவாகப் பெயர் மாறிய காரை மகிந்திரா 2013இல் பின்புறம் குறுக்கி, வெரிட்டோ வைப் என்று வெளியிட்டது. வரிக்காக வெட்டப்பட்டது அந்தக் காரின் பெரிய பலமான டிக்கிதான்.