சிவப்பு நொசிலைக் கழற்று, தம்பி!

மாரி ஓய்ந்து தை பிறப்பதற்கு இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் கிளிநொச்சியின் ஸ்கந்தபுரத்துப் பக்கம் வந்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரைக்கும் செம்மண். அதற்கு மேலே பச்சைப் பாசி. பீலி ஒழுகிய இடத்தில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடு. வெயில் எட்டிப் பார்க்காத வடக்குச் சுவரில் செம்மஞ்சளாய் ஏதோ ஒன்று படர்ந்திருக்கும். அடித்த பெயின்ற் என்ன நிறம் என்று வீட்டுக்காரரைக் கேட்டால்தான் தெரியும். 'அஞ்சு வருஷத்துக்கு நிக்கும்' என்றுதான் கடைக்காரர் கொடுத்திருப்பார். அந்த அஞ்சு வருஷத்துக்குள் அஞ்சு மாரி வரும் என்பதை யாரும் சொல்வதில்லை!

பொங்கலுக்கு முதல் சுவர் வெளுக்கவேண்டும். கொழும்பில் வீட்டின் வெளிப்புறத்தைக் கழுவுவதற்கென்றே கம்பனிகள் உண்டு. எங்கள் பக்கத்தில் அது பெயின்ற் அடிக்கிற பொடியளின் முதல்நாள் வேலை. அந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தால் விடுவேனா?

லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஆயிரம் லீற்றர் தாங்கி, சுருட்டிய ஓஸ், இரண்டு ஏணி, தும்புத்தடிகள், நடுவில் ராசா மாதிரி அந்தப் பிறஷர் மெசின். இறங்கியதும் அதைத்தான் முடுக்கப்போகிறார்கள் என்று பார்த்தால், ஒரு மணித்தியாலமாய் அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஒருவர் மீற்றர் பெட்டிக்கும் வெளி லைற்றுகளுக்கும் பொலித்தீன் சுற்றுகிறார். இன்னொருவர் சுவர் ஓரத்துச் செவ்வரத்தைக்கும் குரோட்டன்களுக்கும் தண்ணீர் ஊற்றுகிறார். மழைக்குப் பிறகு செடிக்குத் தண்ணீரா? விசயம் இருக்கிறது. மண்ணும் இலையும் ஏற்கனவே நனைந்திருந்தால் பின்னால் வழியப்போகும் மருந்து அதிகம் ஊறாது. கிணற்றுக்கு மூடி, கோழிகளுக்குக் கூடு. தாழ்வாரத்துக் குளவிக்கூட்டைக் கண்டதும் ஏணியில் நின்றவர் இறங்கிய வேகத்தை ஒலிம்பிக்கில்தான் பார்க்கலாம்.

பிறகு மருந்து. குளோரின்தான்! வெள்ளம் வடிந்தபின் கிணறு இறைத்துக் குளோரின் போடுகிற மணம் கிளிநொச்சிச் சனத்துக்கு நல்ல பழக்கம். 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர் யார்? கடையில் போத்தலில் விற்கிற திரவத்தில் ஏறக்குறைய ஐந்து வீதம் சோடியம் ஹைப்போகுளோரைற் இருக்கும். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டால் ஒரு வீதக் கரைசல். சுவரில் ஒட்டி நிற்பதற்காகப் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். அவ்வளவுதான் ரகசியம்.

அதைத் தெளிக்கிற விதத்தில்தான் தொழில் இருக்கிறது. கீழேயிருந்து மேலே போகிறார்கள். மேலேயிருந்து தொடங்கினால் மருந்து காய்ந்த ஊத்தைமேல் வழிந்து கோடு கோடாய் அடையாளம் விழும். பிறகு அதை எடுக்கத் தனிப்பாடு. கழுவும்போது நேரெதிர், மேலேயிருந்து கீழே. வெயிலுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்: காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். வெயில் சுட்டால் மருந்து வேலை செய்யமுதல் காய்ந்துவிடும்.

தெளித்துவிட்டு நிழலில் குந்திவிட்டார்கள். வீட்டுக்கார அன்ரிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, வந்து இருந்திட்டியள்?"

"நாங்கள்தான் இருக்கிறம் அன்ரி, மருந்து வேலை செய்யுது. பத்து நிமிசம் பொறுங்கோ."

பொய் இல்லை. சுவரில் படிந்திருப்பது வெறும் ஊத்தையென்றால் தண்ணீர் போதும். பச்சையும் கறுப்பும் உயிருள்ளவை. உயிரோடு சுரண்டினால் பூச்சின் நுண்துளைகளுக்குள் மிச்சம் இருந்து அடுத்த மழைக்கு முளைக்கும். அந்தச் செம்மஞ்சள் படர்வு இருக்கிறதே, அதற்கு ஒரு கதையே உண்டு. பெரும்பாலும் அது ட்ரென்ரிபோலியா என்ற பாசி. பச்சைப் பாசி இனந்தான், ஆனால் கரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை நிறப்பொருளைப் போர்த்துக்கொண்டு பச்சையை ஒளித்துவிடுகிறது. 2001இல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்து, விண்கல் வெடித்தது என்றுகூடப் பேச்சு அடிபட்டதே, அந்த நிறத்துக்குக் காரணம் இந்தப் பாசியின் வித்துகள் என்றுதான் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். உலகத்தைக் கலக்கிய கள்ளன் இங்கே குசினிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறான்!

கடைசியில் மெசின். பொடியன் பொக்கற்றிலிருந்து கொட்டிய நொசில்களைப் பார்த்ததும் எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமான சந்தோசம். நிறம் நிறமாய் இருக்கின்றன. சிவப்பு என்றால் தண்ணீர் விரியாது, ஊசிபோலப் பாயும். மஞ்சள் 15 பாகை விரியும், பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு சோப்புக்கு. வீட்டுப் பாவனைக்கு வரும் சின்ன மெசின்களே சதுர அங்குலத்துக்கு 1,300 முதல் 2,000 இறாத்தல் அழுத்தம் தரும். மோட்டச்சைக்கிள் ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று முப்பது சொச்சம். அந்த அழுத்தத்தோடு சிவப்பு நொசிலைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தால் பாசி போகும், பெயின்ற் போகும், பின்னாலேயே பூச்சும் போகும். அமெரிக்காவில் 2005இல் ரஷ்மோர் மலையின் நாலு ஜனாதிபதிகளின் முகத்தையும் பிறஷர் மெசினால்தான் கழுவினார்கள். அது கருங்கல், தாங்கும். எங்களுடையது சீமெந்துக் கல்லும் மேலே ஒரு பூச்சும்.

"சிவப்பைக் கழற்று, தம்பி! அது சேவிஸ் ஸ்டேசனுக்கு!" என்று மூத்தவர் கத்தினார். வெள்ளையை மாட்டி, ஒரு பாகம் தள்ளி நின்று, தண்ணீரை மேல்நோக்கி ஓட்டின் கீழ் ஏற்றாமல், யன்னல் இடுக்குகளைத் தவிர்த்து, மேலேயிருந்து மெல்ல இறக்கினார்கள். கறுப்பு கரைந்து வழிய, கீழேயிருந்து இளநீலம் எழும்பியது. "ஐயோ, இதுதானே நாங்கள் அடிச்சது!" என்று அன்ரி கையைத் தட்டினார். தண்ணீர்ச் செலவும் நினைத்த அளவு இல்லை. நிமிடத்துக்கு ஏழெட்டு லீற்றர்தான் குடிக்கிறது. அந்தத் தாங்கி இரண்டு மணித்தியாலம் தாண்டும்.

செம்மண் கறை மட்டும் அசையவில்லை. அது உயிர் இல்லை, இரும்பு. குளோரினுக்கு அதில் அலுவல் இல்லை. ஒக்சாலிக் அமிலம்தான் அதற்குச் சரி, அதுவும் குளோரினை முழுதாய்க் கழுவி அகற்றிய பிறகு. என்னைக் கேட்டால் பீலியைத் திருத்திச் சுவரோரத்தில் ஒரு வரி சல்லி போடுவதுதான் மலிவு. கூரைத் தண்ணீர் செம்மண்ணில் விழுந்து தெறிப்பதை நிற்பாட்டினால் கறையே வராது.

இந்தச் சுவர்கள் பழையவையும் அல்ல. மண்வீட்டைக் கழுவுவதில்லை, மெழுகுவோம். போர் முடிந்து மீளக்குடியேறிய புதிதில் தறப்பாளும் தகரமும். அங்கே சுவருக்கு எங்கே போவது? இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கி, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாய் வந்து, சனம் தாங்களே நின்று கட்டிய சீமெந்துக் கல் வீடுகள் வன்னியில் எத்தனையோ. பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. வெக்கை தாங்காது, கல்வீடு தாருங்கள் என்று எதிர்ப்பு எழுந்து அது நின்றுபோனது. வந்திருந்தால் வெளிநாட்டுக்காரர்போல நாங்களும் சுவர்த் தகடு கழுவப் பழகியிருப்போம். நல்ல காலம்!

இரண்டு விசயத்தில் மட்டும் எனக்குப் பகிடி இல்லை. அஸ்பெஸ்ரஸ் கூரைக்கு இந்த மெசினைக் காட்டவே கூடாது. நார் கிளம்பி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அடுத்தது, வேகமாய் வெளுக்கட்டும் என்று குளோரினோடு மலசலகூடம் கழுவும் அசிட்டைக் கலப்பது. கலந்ததும் கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியத்துப் போர்முனையில் திறந்துவிட்டதும் அதுதான்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கமுதல் வேலைக்காரரிடம் கேளுங்கள்: மருந்து என்ன, எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள், செடிக்கும் கிணற்றுக்கும் என்ன பாதுகாப்பு? 'மருந்தொண்டும் தேவையில்லை, மெசினாலேயே உரிச்செடுக்கிறம்' என்று பதில் வந்தால், உங்கள் மோட்டச்சைக்கிளைக் கழுவக் கொடுத்துவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.