அசையாத காந்தமும் தசையை அசைக்கும் காந்தமும்

காந்தப் பட்டை, காந்தச் செருப்பு, காந்த மெத்தை, காந்தத் தண்ணீர் என்று நம் வீட்டு வாசலுக்கே வரும் சரக்குகளைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. இப்போது அதே காந்தத்தின் பெயரால் புதிதாக ஒன்று நகரங்களில் வந்திருக்கிறது. படுத்தாலோ நாற்காலியில் உட்கார்ந்தாலோ போதும், வலியில்லாமல் தசைகள் தாமே சுருங்கி விரிந்து முறுக்கேறும் என்கிறார்கள். "இதுவும் அந்த மெத்தை மாதிரிதானா?" என்று சங்கத்து அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ரயில்வேயில் மோட்டார்களோடும் காயில்களோடும் காலம் கழித்தவன் என்பதால் கேட்டிருப்பார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசம் புரிந்தால் பென்ஷன் பணம் மிஞ்சும். அதைவிட முக்கியம், இதனால் பயன் பெறக்கூடியவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்காமல் இருப்பார்கள்.

டைனமோ சொல்லும் பாடம்

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் அது. சக்கரம் சுற்றும்போது விளக்கு எரியும், நின்றால் அணைந்துவிடும். நின்ற பிறகும் டைனமோவுக்குள் காந்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அசையவில்லை. காந்தப்புலம் மாறிக்கொண்டிருந்தால்தான் பக்கத்திலுள்ள கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது. மின்சார நிலையத்தின் ஜெனரேட்டர் முதல் நம் வீட்டு ஃபேன் வரை எல்லாம் இதன் மேல்தான் ஓடுகின்றன.

நம் உடம்பும் மின்சாரத்தைக் கடத்தும். தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பில் ஓடுவதும் ஒருவகை மின்துடிப்பே. இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துள்ளியதை இத்தாலியரான கால்வானி 1791ல் எழுதி வெளியிட்டார். ஆகவே, காந்தப்புலத்தை மிக வேகமாக மாற்றினால், தோலைத் தொடாமலே உள்ளே மின்சாரத்தை உண்டாக்கி நரம்பைத் தூண்டலாம் அல்லவா? 1896ல் பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால், மாறுமின்சாரம் ஓடும் பெரிய காயிலுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளிப்பொறிகள் தெரிவதைக் கண்டார். 1965ல் பிக்ஃபோர்டு, ஃப்ரெமிங் இருவரும் மனிதர்களின் கை கால் நரம்புகளைக் காந்தத் துடிப்பால் தூண்டிக் காட்டினார்கள். 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் மண்டைக்கு வெளியே காயிலை வைத்து, மூளையைத் தூண்டிக் கையைத் துடிக்க வைத்தார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

கருவி சிக்கலானதல்ல. ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்து, அதை ஒரே கணத்தில் காயிலுக்குள் கொட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆம்பியர், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் பாய்கிறது. காயிலருகே உண்டாகும் புலம் ஒன்றிரண்டு டெஸ்லா இருக்கும். நம் பாலக்காட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அதைப்போல் 25,000 மடங்கும் அதற்கு மேலும்! இதனால் தூண்டப்படுவது தசைக்குப் போகும் நரம்பு. அந்த நரம்பு சொல்லித்தான் தசை சுருங்குகிறது.

பிசியோதெரபி நிலையங்களில் ஈரப்பட்டையை ஒட்டி மின்சாரம் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் 'சுரீர்' தெரியும். மின்சாரம் முழுவதும் தோலைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். வலியை உணரும் நரம்பு முனைகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. காந்தப்புலத்துக்குத் தோல் ஒரு தடையே இல்லை. வேட்டி, புடவையையும் தாண்டிப் போகும். அதனால்தான் அவ்வளவாக வலிப்பதில்லை. ஆனால் காயிலை விட்டு விலக விலகப் புலம் வேகமாகக் குறையும். சில சென்டிமீட்டர் ஆழத்துக்கே பலன் உண்டு. கொழுப்பு தடிமனாக இருந்தால் அதுவும் குறையும்.

கல்பாத்தித் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு இன்னொரு விஷயத்தைச் சொன்னால் எளிதில் விளங்கும். நாமாகத் தசையை இயக்கும்போது அதன் இழைகள் முறைவைத்து இழுக்கின்றன. சில இழுக்கும்போது சில இளைப்பாறும். கருவி தூண்டும்போது பல இழைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்கின்றன. அதனால் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. சீக்கிரம் களைத்தும் போகிறது. மறுநாள் கொஞ்சம் வலி இருப்பது இதனால்தான்.

மெத்தைக் காந்தம்?

மெத்தையிலும் பட்டையிலும் இருப்பது நின்ற சைக்கிளின் டைனமோ. இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் என்பார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு ஆணி இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டாது. இதற்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனே சாட்சி. அங்கே 1.5 டெஸ்லா புலத்துக்குள் அரைமணி நேரம் படுத்திருக்கிறோம். இரத்தம் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்வதில்லை, தசை முறுக்கேறுவதுமில்லை. ஆனால் 'டக் டக்' என்று சத்தமிடும் காயில்கள் புலத்தை வேகமாக மாற்றும்போது சிலருக்கு உடம்பில் லேசான துடிப்பு தெரிவதுண்டு. நிலையான புலத்துக்கும் மாறும் புலத்துக்கும் உள்ள பேதத்தை ஒரே இயந்திரத்தில் காணலாம். வலிக்கு நிலைக்காந்தம் கட்டிய ஆய்வுகளைத் திரட்டி 2007ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. வலி தீரும் என்று பரிந்துரைக்க ஆதாரமில்லை என்பதே அதன் முடிவு. மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் மேலும் ஆய்வு தேவை என்றது.

யாருக்கு உண்மையில் பயன்?

வயிற்றுத் தசையை முறுக்கேற்றும் 'எம்ஸ்கல்ப்ட்' கருவிக்கு 2018ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரைமணி. தசை ஓரளவு தடிப்பதை ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பல ஆய்வுகள் சிறியவை. கருவி செய்பவர்கள் ஆதரவில் நடந்தவையும் உண்டு. இது அழகுக்கான செலவு; நடக்க முடிந்தவர்கள் நடப்பதே மேல். நடந்தால் இதயத்துக்கும் மூச்சுக்கும் நன்மை. படுத்துக்கொண்டு பெறும் சுருக்கம் அதைத் தராது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பல பிரசவம் கண்ட தாய்மார்களில், இடுக்கித் தோட்டங்களில் காலமெல்லாம் பாரம் சுமந்த நம் சகோதரிகளில், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் அவஸ்தையை வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இடுப்படித் தசை தளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்தத் தசையைத் தூண்டும் காந்த நாற்காலிக்கு அமெரிக்காவில் 1998லேயே அனுமதி கிடைத்தது. உடுத்திய உடையோடு உட்கார்ந்தால் போதும். எந்தப் பரிசோதனைக் கருவியும் உடம்பில் படாது. வாரம் இருமுறை, இருபது நிமிஷம், ஆறு முதல் எட்டு வாரம் என்பது வழக்கமான முறை.

ஆனாலும் முதல் மருந்து நாற்காலி அல்ல. 1948ல் அமெரிக்க மருத்துவர் கேகல் விளக்கிய பயிற்சியே இன்றும் முதலில் சொல்லப்படுகிறது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி, சில விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். தினமும் பல தடவை, மாதக்கணக்கில். காலணா செலவில்லை. சரியான தசையைக் கண்டுபிடித்து இறுக்க முடியாதவர்களுக்கே நாற்காலி உதவும். எதற்கும் முதலில் மகப்பேறு மருத்துவரிடமோ சிறுநீரக மருத்துவரிடமோ கூசாமல் சொல்லுங்கள். வீட்டு ஆண்களும் கேலி செய்யாமல் உடன் போகவேண்டும்.

பணம் கட்டுமுன்

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, சிகிச்சை செய்யும் இடத்தருகே உலோகத் தகடு அல்லது காப்பர்-டி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் இந்தக் கருவிகளின் பக்கம் போகக்கூடாது. மற்றவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காந்தம் மாறும் புலமா, சும்மா இருப்பதா? என் குறைக்கு இதுதான் வேண்டும் என்று சொன்னது டாக்டரா, விற்பவரா? நிறுத்திவிட்டால் பலன் எத்தனை நாள் நிற்கும்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் பென்ஷன் பாஸ்புக்கைக் காட்டவேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.