நோயையும் நிறுத்துப் பார்க்கும் குடிவரவுச் சட்டங்கள்

வெளிநாடொன்றில் குடியேறுவதற்கு விண்ணப்பிக்கும் எமது மக்கள், கல்விச் சான்றிதழ்களையும் தொழில் அனுபவக் கடிதங்களையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் மிகுந்த கவனத்துடன் திரட்டுகின்றனர். ஆங்கிலப் பரீட்சைக்கு மாதக்கணக்கில் ஆயத்தமாகின்றனர். ஆனால், அக்கோவையில் சேரவிருக்கும் வைத்தியப் பரிசோதனை அறிக்கை ஏனைய அனைத்தையும் பயனற்றதாக்கிவிடக் கூடும் என்பதைப் பலர் காலங்கடந்தே அறிந்து கொள்கின்றனர். நீரிழிவும் சிறுநீரக நோயும் எமது நாட்டில் பெருகிவரும் இன்றைய நிலையில், இவ்விடயம் குறித்துத் தெளிவான புரிதல் அவசியமாகின்றது.

தொற்றுநோய் உள்ளவர்களை எல்லையிலேயே தடுத்து நிறுத்துவது பழைய காலத்து வழக்கம். ஆனால், இன்று கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் சட்டங்கள் வேறொரு கேள்வியையும் எழுப்புகின்றன. இந்த நோயாளியால் எமது பொதுச் சுகாதார சேவைக்கு எவ்வளவு செலவு ஏற்படும் என்பதே அக்கேள்வியாகும். எவருக்கும் தொற்றாத நோயாயினும், அதன் செலவு குறிப்பிட்டதோர் எல்லையைத் தாண்டுமாயின் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவையே முதலில் எடுத்துக் கொள்வோம். "மிகையான கேள்வி" என்ற ஏற்பாடு அந்நாட்டின் 1976 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 38 ஆவது பிரிவும் அதனைத் தொடர்கின்றது. சுகாதார அல்லது சமூக சேவைகளுக்கு மிகையான செலவை ஏற்படுத்துபவர், அல்லது சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலை நீளச் செய்து கனடியர்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாதகம் விளைவிக்கக் கூடியவர் என மதிப்பிடப்படுபவர் அனுமதிக்குத் தகுதியற்றவராகின்றார்.

செலவின் எல்லை எவ்வாறு கணிக்கப்படுகின்றது? 2018 ஜூனுக்கு முன்னர், சராசரிக் கனடியர் ஒருவருக்கு ஆண்டொன்றில் ஏற்படும் செலவே எல்லையாக இருந்தது. 2017 இல் அது 6,655 டொலராகும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் மருந்துச் செலவே இத்தொகையைத் தாண்டியதால் பலர் வாசலிலேயே மறிக்கப்பட்டனர். கடும் விமர்சனங்களின் பின்னர் 2018 இல் அந்த எல்லை மும்மடங்காக உயர்த்தப்பட்டு 19,965 டொலராயிற்று. விசேட கல்வி போன்ற சேவைகளும் கணிப்பிலிருந்து நீக்கப்பட்டன. 2022 இல் இம்மாற்றங்கள் ஒழுங்குவிதிகளில் சேர்க்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டுக்கான எல்லை 26,220 டொலராகும். வழமையாக ஐந்து ஆண்டுகளுக்கான செலவு கூட்டிப் பார்க்கப்படுகின்றது.

இந்த எண்களின் பொருள் யாது? மாத்திரைகளால் கட்டுப்படுத்தப்படும் நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ தம்மளவில் ஒருவரின் குடியேற்றத்தைத் தடுத்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. அவற்றின் செலவு பெரும்பாலும் எல்லைக்கு மிகக் கீழேயே நிற்கும். ஆனால், சிறுநீரகங்கள் செயலிழந்து வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்பு செய்து கொள்பவரின் நிலை அவ்வாறானதன்று. அச்சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டொலர் செலவாகும். ஆகவே, பிரச்சினை நோயின் பெயரில் இல்லை. அது எந்தக் கட்டத்தில் உள்ளது, எந்தச் சிகிச்சையை வேண்டி நிற்கின்றது என்பதிலேயே உள்ளது.

இங்கு எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. வவுனியாவிலோ கல்முனையிலோ வாழும் கணக்காளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். திறன்சார் தொழிலாளர் பிரிவில் அவருக்குத் தேவையான புள்ளிகள் யாவும் உள்ளன. அவருடைய மனைவியோ இரத்தச் சுத்திகரிப்பில் தங்கியிருப்பவர். மனைவியின் நோய் காரணமாகக் கணவரின் விண்ணப்பமும் பிள்ளைகளின் விண்ணப்பமும் சேர்த்தே நிராகரிக்கப்படலாம். மனைவி உடன் வரவில்லை என்று கூறினாலும் அவர் பரிசோதனைக்குட்பட்டே ஆகவேண்டும். அதேவேளை, அதே நோயுள்ள அதே பெண், ஏற்கெனவே கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவரின் மனைவியாகப் பொறுப்பேற்று அழைக்கப்படுவாராயின் இந்தச் செலவுத் தடை அவருக்குப் பொருந்தாது. குடும்பப் பிரிவில் அழைக்கப்படும் வாழ்க்கைத் துணைவர்களுக்கும் தங்கிவாழும் பிள்ளைகளுக்கும், அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் சட்டம் விலக்களித்துள்ளது. நோய் ஒன்றே, அவர் எந்த வாசலால் வருகின்றார் என்பதே தீர்ப்பை மாற்றுகின்றது.

பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்கும் இவ்விலக்குக் கிடையாது. நோயும் முதுமையும் சேர்ந்தே வருபவை என்ற போதிலும், அதிகமாகப் பாதிக்கப்படுபவர்கள் அவர்களே. அவர்களுக்கு மாற்றுவழியாக 2011 டிசம்பரில் அறிமுகமான "சுப்பர் வீசா" உள்ளது. 2022 ஜூலை முதல், ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கியிருக்க அது இடமளிக்கின்றது. ஆனால், குறைந்தது 100,000 டொலருக்கான தனியார் மருத்துவக் காப்புறுதியைக் காட்ட வேண்டும். முன்பே இருந்துவரும் நோய்களுக்கான செலவைப் பல காப்புறுதி நிறுவனங்கள் கடும் நிபந்தனைகளுடனேயே ஏற்கின்றன. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களை வாசியாது தந்தையையோ தாயையோ விமானத்தில் ஏற்றுவது பெரும் கடனில் முடியலாம்.

நிராகரிப்புக்கு முன்னர் கனடிய அதிகாரிகள் விண்ணப்பதாரருக்கு விளக்கக் கடிதம் ஒன்றை அனுப்புகின்றனர். அதற்குப் பதிலளிக்க 90 நாட்கள் வழங்கப்படுகின்றன. அக்கடிதம் முடிவன்று, பதில் கூறக் கிடைக்கும் வாய்ப்பாகும். நோயின் நிலை தவறாக மதிப்பிடப்பட்டுள்ளது எனவோ, விலை குறைந்த மாற்று மருந்து உள்ளது எனவோ விசேட வைத்திய நிபுணரின் அறிக்கையுடன் எடுத்துக்காட்டலாம். 2005 ஆம் ஆண்டில் ஹிலெவிட்ஸ் வழக்கில் கனடிய உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. மாற்றுத்திறனாளியான பிள்ளையின் நிலைமையை மாத்திரமன்றி, அக்குடும்பம் சமூக சேவைச் செலவைத் தானே ஏற்கும் ஆற்றலும் விருப்பமும் உடையதா என்பதையும் தனித்தனியே ஆராய வேண்டும் என நீதிமன்றம் கூறியது. கடிதத்தைக் கண்டு மனமொடிந்து 90 நாட்களைக் கழியவிடுவோர், சட்டம் தந்த வாய்ப்பைத் தாமே இழக்கின்றனர்.

அவுஸ்திரேலியாவின் அணுகுமுறை இதனினும் இறுக்கமானது. அங்கு செலவின் எல்லை 2024 ஜூலையில் 51,000 டொலரிலிருந்து 86,000 அவுஸ்திரேலிய டொலராக உயர்த்தப்பட்டது. எனினும், விண்ணப்பதாரர் அந்தச் சேவையை உண்மையில் பயன்படுத்துவாரா இல்லையா என்பதை அந்நாட்டு விதிகள் கருத்திற் கொள்வதில்லை. தமது பணத்தில் வைத்தியம் செய்து கொள்வதாக உறுதியளிப்பதும் பயன் தருவதில்லை. சில வீசாப் பிரிவுகளில் மாத்திரமே விதிவிலக்குக் கோரலாம். 2008 இல் விக்டோரியா மாநிலத்தின் ஹோர்ஷம் நகரில், வைத்தியர் பற்றாக்குறை நிலவிய பகுதியில் பணியாற்றிய ஜெர்மனிய வைத்தியர் ஒருவரின் நிரந்தர வதிவிட விண்ணப்பம், அவருடைய மகனுக்கு டவுன் சின்ட்ரோம் இருந்தமையால் நிராகரிக்கப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின்னர் குடிவரவு அமைச்சர் தலையிட்டே அதனை மாற்றினார். அக்குடும்பத்துக்காகக் குரல் எழுப்ப ஒரு நகரமே இருந்தது. அத்தகைய குரல் இல்லாத குடும்பங்களின் கதி என்ன என்பதே எமது கேள்வியாகும்.

நியூசிலாந்து தனது எல்லையை 2022 இல் 41,000 டொலரிலிருந்து 81,000 நியூசிலாந்து டொலராக உயர்த்தியது. பிரிட்டனோ இவ்வகைச் செலவுக் கணிப்பைச் செய்யாது, வீசாவுடன் சேர்த்துச் சுகாதார மேலதிகக் கட்டணம் ஒன்றை அறவிடுகின்றது. 2015 இல் ஆண்டுக்கு 200 பவுணாக இருந்த அக்கட்டணம் 2024 பெப்ரவரியில் 1,035 பவுணாக உயர்ந்தது. நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர் என்ற வகையில் இது ஒப்பீட்டளவில் நியாயமானது எனலாம். மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோரும் வைத்தியப் பரிசோதனையில் தேற வேண்டியவர்களே. அங்கு சிறுநீரகச் செயலிழப்பு மாத்திரமன்றி, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் தகுதியின்மைக்குக் காரணமாகின்றது. முகவருக்குப் பணம் செலுத்திக் கடன்பட்ட பின்னர் இதனை அறிவதில் பயனில்லை.

இவை யாவற்றிலும் ஆபத்தானது நோயை மறைப்பதாகும். எமது சமூகங்களில் நோயை வெளியிற் சொல்லத் தயங்கும் மனப்பான்மை ஆழ வேரூன்றியுள்ளது. வீட்டில் தலசீமியா நோயுள்ள பிள்ளை இருப்பது பெண்ணின் திருமணத்தைப் பாதிக்கும் என அஞ்சுவோர் பலர். அதே தயக்கம் விண்ணப்பப் படிவத்திலும் வெளிப்படுகின்றது. "அந்தப் பிள்ளையின் பெயரைப் போட வேண்டாம், பிறகு எடுத்துக் கொள்ளலாம்" என ஆலோசனை கூறும் முகவர்களும் உள்ளனர். இதனைவிடக் கொடிய ஆலோசனை வேறில்லை. கனடாவுக்கான விண்ணப்பத்தில் குறிப்பிடப்படாது பரிசோதனைக்கும் உட்படுத்தப்படாத பிள்ளையைப் பின்னர் குடும்பப் பிரிவில் அழைக்கும் உரிமை பொதுவாக இழக்கப்படுகின்றது. பொய்த் தகவல் வழங்கியவருக்கு ஐந்து ஆண்டுத் தடையும் விதிக்கப்படலாம். யாருக்கு அதிக கவனிப்புத் தேவையோ அந்தப் பிள்ளையே இங்கு தனித்து விடப்படுகின்றது.

குடியேறிய பின்னரும் நோயாளியின் சுமை குறைந்துவிடுவதில்லை. கனடாவில் வைத்தியரைக் காண்பதற்கும் வைத்தியசாலையில் தங்குவதற்கும் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்துகளின் செலவு அவ்வாறு பொதுவாக ஈடுசெய்யப்படுவதில்லை. அது மாகாணத்துக்கு மாகாணம், தொழிலுக்குத் தொழில் வேறுபடுகின்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொதுக் காப்புறுதி கிடைக்க, வந்து சேர்ந்த மாதத்தின் எஞ்சிய நாட்களும் அடுத்த இரு மாதங்களும் காத்திருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணம் இக்காத்திருப்பை 2020 இல் நீக்கியது. எந்த மாகாணத்தில் இறங்குவது என்பதுகூட நோயாளிக்கு ஒரு வைத்தியத் தீர்மானமே.

தமது மக்களின் வரிப்பணத்தைப் பாதுகாக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரு மனிதரால் ஏற்படும் செலவை மாத்திரம் கணக்கிட்டு, அவரும் அவருடைய குடும்பமும் அந்நாட்டுக்கு வழங்கும் உழைப்பையும் வரியையும் கணக்கிடாதிருப்பது ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட கணக்கேடாகும். கனடா தனது எல்லையை மும்மடங்காக்கியதன் மூலம் இதனை ஓரளவேனும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஏனைய நாடுகளும் அவ்வழியைப் பின்பற்ற வேண்டும்.

எமது மக்களுக்கு நாம் கூற விரும்புவதும் ஒன்றுண்டு. பல குறைகள் உள்ளபோதிலும், இரத்தச் சுத்திகரிப்பையும் குருதி மாற்றையும் கட்டணமின்றி வழங்கும் அரச வைத்தியசாலைகள் எமது நாட்டில் உள்ளன. அவற்றை விட்டுப் புறப்படும் ஒரு நோயாளி, எதை விட்டுச் செல்கின்றார் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். புறப்படுவதே முடிவாயின், நோயின் முழு விபரத்தையும் வைத்திய அறிக்கைகளையும் கல்விச் சான்றிதழ்களுக்குச் சமமான கவனத்துடன் திரட்டி, உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ விண்ணப்பிக்கும் முன்னரே காட்டட்டும். படிவத்தில் குடும்பத்தினர் அனைவரின் பெயரும் இருக்கட்டும். நோயுள்ள பிள்ளையின் பெயர் முதலில் எழுதப்படட்டும்.