கூட்டு வியாபாரமும் தனிக் குடித்தனமும்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. தேசங்களுக்கும் இது பொருந்தும் போலும்! நார்வே, ஐஸ்லாந்து, ஸ்விட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்னும் நான்கு தேசங்கள், ஐரோப்பிய யூனியன் என்னும் கூட்டுக் குடும்பத்தில் சேராமல், கூட்டு வியாபாரம் மட்டும் போதும் என்று தனிக் குடித்தனம் நடத்துகின்றன. 1960-ல் ஏழு தேசங்கள் கூடி அமைத்த சுதந்திர வியாபாரச் சங்கத்தில் இன்று அங்கம் வகிப்பவை இவையே. இச்சங்கத்தாருடன் நம் தேசமும் 2024-ல் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது.

இவர்கள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் என்ன? நார்வே மக்கள் 1972-லும் 1994-லும் வாக்களித்து, சேர வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். தங்கள் கடல் மீனையும் குளிர் நாட்டு விவசாயத்தையும் பற்றிய சட்டங்கள் அயலார் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். ஐஸ்லாந்துக்கும் மீன்வளமே பெரிய கவலை. ஸ்விட்சர்லாந்திலோ, முக்கியமான விஷயங்களை ஜனங்களே நேரில் வாக்களித்து முடிவு செய்வது வழக்கம்; அவ்வுரிமையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

ஆனால் இச்சுதந்திரத்துக்கும் விலை உண்டு. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இடம் பெறுவதற்காக நார்வே, அச்சந்தையின் சட்டங்களைத் தன் நாட்டிலும் அமல் செய்கிறது, பணமும் கொடுக்கிறது. அச்சட்டங்களை இயற்றும் சபையில் மட்டும் அதற்கு வாக்கு இல்லை.

நம் சேலம், நாமக்கல் சீமையின் சரித்திரம் இதற்கு நேர் எதிரானது. நாம் முதலில் ஒரே குடும்பமானோம். ஒரே சந்தையானது வெகு காலம் கழித்துத்தான். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. நாமக்கல்லும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததே. கள், சாராய வருமானம் குறைந்தது. அதை ஈடுசெய்ய 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி பிறந்தது. பின்னர் மற்ற மாகாணங்களும் இவ்வழியைப் பின்பற்றின. எல்லைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன.

தேசமெங்கும் வியாபாரம் தடையின்றி நடக்க வேண்டும் என்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் சொல்லிற்று. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற நாமக்கல் லாரி டிரைவரோ, வாளையாற்றில் காகிதங்களும் கையுமாய் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்த பிறகே அந்த வரிச் சாவடிகள் அகன்றன.

இதற்கும் விலை உண்டு அல்லவா? இப்புதிய வரி, பொருளை உற்பத்தி செய்யும் மாநிலத்தைவிட உபயோகிக்கும் மாநிலத்துக்கே வருமானம் தரும். உற்பத்தியில் சிறந்த தமிழ்நாடு நஷ்டமடையும் என்று அஞ்சி, அன்றைய ஆளுங்கட்சியினர் 2016-ல் ராஜ்ய சபையிலிருந்து வெளிநடப்புச் செய்தனர். மதுவும் பெட்ரோலும் டீஸலும் இன்றும் மாநிலத்தின் விற்பனை வரிக்குள்ளேயே நிற்கின்றன. மதுவருமானம் போனதால் பிறந்த வரி சுருங்கி, மதுவின் மேல் நிலைத்திருப்பது விந்தையே!

நார்வே தன் சாவியைத் தானே வைத்துக்கொண்டு வாக்கை இழந்தது. நாம் சாவியைக் கொடுத்து வாக்கைப் பெற்றோம். வரிக் கவுன்சிலில் மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மத்திய சர்க்கார் இசையாமல் ஒன்றும் நடவாது. தனித்து நிற்கும் மாநிலத்தின் குரலுக்கோ வலுவில்லை.

கூட்டுக் குடும்பத்தில் வாழ்வது நமக்குப் புதிதன்று. பெட்டிச் சாவியை மூத்தவரிடம் கொடுத்தவர்கள், கணக்குப் பார்க்கும் நாளில் தவறாமல் கூடத்தில் வந்து உட்கார வேண்டும். அந்தக் கவுன்சிலில் நம் பிரதிநிதி என்ன பேசினார் என்று கேட்டறிவது, வாக்களிக்கும் நம் ஒவ்வொருவருடைய கடமையாகும்.